கீழ்ப்பாக்கம் வசைச்சொல் அல்ல

ஐயா,

ஒருவரை மட்டம்தட்ட ‘இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும்’ என்று சொல்லிச் சிரிப்பது நம் பேச்சிலும் திரைப்பட நகைச்சுவையிலும் நெடுங்காலமாகப் புழங்குகிறது. 1794-இல் வேர்கொண்டு, 1871 முதல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் ஒரு மனநல மருத்துவமனையின் பெயரே வசையாகிப் போனதால், அதன் வாசலை மிதிக்கவே குடும்பங்கள் கூசுகின்றன.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள், மகளின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் கடுகு டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தார். பெண் பார்க்க வருபவர்களின் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். வரன் அமைந்ததும் மாத்திரை நின்றது, சில மாதங்களில் நோய் திரும்பியது, பழி மட்டும் செய்வினையின்மீது விழுந்தது. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை யாரும் இப்படி ஒளித்து வைப்பதில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதைக் குறை சொல்லவில்லை (நானும் வேண்டிக்கொள்பவன்தான்). ஆனால், அது மருந்துக்கு மாற்றாகும்போதுதான் நோய் முற்றுகிறது.

தங்கள் நாளிதழும், மருத்துவர் எதுவும் சொல்லும் முன்பே ‘மனநோயாளி வெறிச்செயல்’ என்று தலைப்பிடுவதைக் கைவிட்டு, இத்தகைய செய்திகளின் கீழ் 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண்ணை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை