‘செய்யலாம்’ என்ற சொல்லும் மூன்று வயதுக் குழந்தையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிச் சேர்க்கை பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்தைய மூன்றாண்டுகளைப் பற்றி, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் என்ற முறையில் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் மாதம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் யார் அங்கன்வாடிக்கு ஒழுங்காகப் போய் வந்தவர் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பலப்பத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து, ஒடித்துவிட்டு, அடிப்பேனோ என்று என்னை நிமிர்ந்து பார்த்த குழந்தைக்கு அறிவு குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மணி கோக்கவும் களிமண் உருட்டவும் கதை கேட்கவும் அதற்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறையைச் சரிக்கட்டுவதற்குள் காலாண்டுத் தேர்வு வந்து நிற்கும்.

இந்தக் குழந்தைகளைச் சட்டம் எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றுதான் முதலில் சொன்னது. எந்த வயதிலிருந்து என்று அதில் கோடு கிழிக்கப்படவில்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது, ஆறு வயதுக்குட்பட்டோரை மட்டும் ‘முயல வேண்டும்’ என்ற இடத்திலேயே விட்டுவிட்டது. பின்னர் வந்த 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. ‘செய்ய வேண்டும்’ என்றிருந்தால் ஒரு தாய் நீதிமன்றப் படி ஏறிக் கேட்க முடியும். ‘செய்யலாம்’ என்பதை வைத்துக்கொண்டு மனுதான் கொடுக்க முடியும்.

இதே சட்டத்தின்படி 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் சேரும் ஏழைக் குழந்தைக்குக் கட்டணத்தை அரசு ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது என்பது தனிக் கூத்து.

‘செய்யலாம்’ என்பதன் பொருளை நம் மாநிலமே பார்த்திருக்கிறது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது, 2022 ஜூனில் அது நிறுத்தப்படுவதாகச் செய்தி வந்தது, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. தொடர்ந்ததில் மகிழ்ச்சியே, ஆனால் ஒன்றாம் வகுப்பை இப்படி மூடுவதாகச் சொல்ல எவருக்காவது துணிவு வருமா?

நார்வே, ஜெர்மனி போன்ற வசதி படைத்த நாடுகளை உதாரணம் காட்ட நான் வரவில்லை. நாம் ஆறு வயதில் கோடு கிழித்த அதே 2002இல்தான் மெக்சிகோ தன் அரசியல் சாசனத்தைத் திருத்தி முன்பருவக் கல்வியைக் கட்டாயமாக்கியது. கானா 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இரண்டாண்டு மழலையர் கல்வியைக் கட்டணமில்லா அடிப்படைக் கல்வியோடு சேர்த்துக்கொண்டது. சேர்த்த பின்னும் அங்கெல்லாம் தரக் குறைகள் உண்டு. ஆயினும் கேட்பதற்கு ஓர் உரிமை இருக்கிறது. 2022இல் தாஷ்கண்டில் யுனெஸ்கோ கூட்டிய உலக மாநாடு, கல்விச் செலவில் குறைந்தது பத்து விழுக்காட்டை முன்பருவக் கல்விக்கு ஒதுக்க வலியுறுத்தியது.

1975 முதல் இயங்கும் அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்கு அடுத்த மையத்தில் காலை பத்தரை மணிக்கு அந்தப் பணியாளர் ஒரு குழந்தையை எடை பார்த்துக்கொண்டே, வாசலில் நிற்கும் கர்ப்பிணிக்குச் சத்துமாவுப் பொட்டலத்தை எடுத்துவைத்து, செல்பேசிச் செயலியில் வருகையை ஏற்றிக்கொண்டிருப்பார். உதவியாளர் அடுப்படியில் இருப்பார். ‘டீச்சர், கதை’ என்று முந்தானையை இழுக்கும் பிள்ளைக்கு அவரிடம் ‘இருடா கண்ணு’ என்பதைத் தவிர வேறு பதில் இராது.

ஆகவே, 11ஆம் பிரிவில் உள்ள ‘செய்யலாம்’ என்பதைச் ‘செய்ய வேண்டும்’ என்று திருத்த நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை, கற்பிப்பதற்கென்றே இரண்டாவதாக ஒருவரை ஒவ்வொரு மையத்திலும் மாநில அரசு அமர்த்தலாம். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
பெரம்பலூர் மாவட்டம்.