மார்ச் மீட்டிங்குக்கு முன்

அன்புள்ள வித்யாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். மாடிக் குழாய் விஷயம் அடுத்த கடிதத்தில். அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் மார்ச் மீட்டிங்கில் நீ பேசப்போவது ரவி சொல்லித்தான் தெரிந்தது. சந்தோஷம்தான். நீயே சொல்லியிருக்கலாம்.

பேச்சு 10 நிமிஷம், கேள்விக்கு 2 நிமிஷம் என்றான். அதற்குள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும். வரைபடம் வந்ததும் எக்ஸ் அச்சு எது, ஒய் அச்சு எது என்று சொல்லிவிட்டுப் பிறகு கோட்டைக் காட்டு. வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மனசுக்குள் சொன்னால் எந்தப் பேச்சும் சீக்கிரம் முடிந்துவிடும். கடைசியில் பூப்படம் போட்ட நன்றி ஸ்லைடு வேண்டாம். முடிவுகள் உள்ள ஸ்லைடே திரையில் நிற்கட்டும்.

கேள்வி நேரம்தான் முக்கியம். கேட்பவர் முடிக்கும்வரை பொறு. கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் வானியற்பியலாளர் சந்திரசேகர் நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிப் பேசியதை உனக்குப் பள்ளி நாளிலேயே சொல்லியிருக்கிறேன். வயது 24. அவர் பேசி உட்கார்ந்ததும், அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் எழுந்து கேலி செய்தார், சபை சிரித்தது. அதுவரை கூடவே பழகிய மனிதர், இப்படிப் பேசப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதில் சொல்லவும் சந்திரசேகருக்கு வாய்ப்புத் தரவில்லை. 1983-ல் நோபல் வந்ததே என்பார்கள். 48 வருஷம் கழித்து! அதில் என்ன ஆறுதல்? உனக்காவது 2 நிமிஷம் இருக்கிறது. அதை விட்டுவிடாதே.

எட்டாம் வகுப்பில், அறிவியல் கண்காட்சிக்கு வந்த கலெக்டரையே திருத்தியவள் நீ. இப்போது போனில் ‘ம்’, ‘சரிப்பா’ தவிரப் பேச்சில்லை. நவம்பரிலிருந்தே இப்படித்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

சாப்பிடாமல் மேடை ஏறாதே. கேள்வியை முழுசாகக் கேட்டுக்கொள். முன்னமே எழுதிவிட்டேனோ?

ஞாயிறு காலை, உனக்குச் சனி ராத்திரி, எனக்கு ஒருமுறை பேசிக் காட்டு. பாதி புரியாது, பரவாயில்லை. முடித்ததும் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேள்வி கேட்பேன். அம்மாவை அந்த நேரத்துக்குக் கோயிலுக்கு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆக்கி ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்.