இணையவழிப் பள்ளி மாணவர்களும் நுழைவுத் தேர்வு விண்ணப்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியலுக்கான ஜேஇஇ, மருத்துவத்துக்கான நீட் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் காலம் வரும்போதெல்லாம் பயிற்சி மையங்களைப் பற்றியும் வினாத்தாளின் கடினத்தைப் பற்றியும் நாளிதழ்களில் நிறைய எழுதப்படுகிறது. வீட்டிலிருந்தபடியே இணையவழிப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளைப் படிக்கும் பிள்ளைகள் அந்த விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே தடுமாறி நிற்பதைப் பற்றி ஒரு வரியும் நான் படித்ததில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற நான், அதை என் வீட்டிலேயே காண நேர்ந்ததால் இதை எழுதுகிறேன்.

தகப்பன் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பிள்ளைகள் ஊரில் அப்பத்தாவிடம் வளர்வது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. முன்பு அப்படி வந்த பிள்ளைகளைக் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பள்ளியில் சேர்ப்போம். எப்போது மறுபடி கூட்டிச் செல்ல நேருமோ என்று எண்ணிய என் மகன், என் பேத்தியைப் பதினொன்றாம் வகுப்புக்கு ஓர் இணையவழிப் பள்ளியில் சேர்த்தான். சுவர்கள் கனமான எங்கள் பழைய வீட்டில் அறைக்குள் சிக்னல் எடுக்காது என்பதால், நடு முற்றமான வளவின் ஓரத்தில் மேசை போட்டு அவள் படித்தாள். பல நாட்கள் நானும் அருகில் இருந்து கேட்டேன். பாடம் நன்றாகவே நடத்தினார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

பன்னிரண்டாம் வகுப்பின் நவம்பர் மாதத்தில், ஜேஇஇ மெயின் தேர்வின் ஜனவரி அமர்வுக்கு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். எந்தக் கல்வி வாரியத்தின் கீழ் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறீர்கள் என்று விண்ணப்பம் கேட்டது. அங்கிருந்த பட்டியலில் எங்களுக்குரிய பெயர் எதுவும் இல்லை. பள்ளியை விசாரித்தபோது, தாங்கள் தரும் சான்றிதழே பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையானது என்றார்கள். அதை ஏற்கும் வாரியம் எது என்ற கேள்விக்கு இன்றுவரை அவர்களிடமிருந்து பதில் இல்லை. இரண்டு ஆண்டுக் கட்டணத்தைக்கூட விட்டுவிடலாம், அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆண்டு போயிற்றே என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாடம் நடத்துவது ஒரு வேலை, தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவது வேறொரு வேலை. நேரடிப் பள்ளியில் இரண்டும் ஒரே வாசலில் கிடைத்துவிடுவதால் பெற்றோர் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வாரியத்தின் அங்கீகாரம் பெற இடம், கட்டடம், ஆய்வகம் எல்லாம் வேண்டும். கட்டடமே இல்லாத பள்ளி தன் மாணவரை வேறொரு வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். அது வெளிநாட்டு வாரியம் என்றால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு அதை இணையானதாக ஏற்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். உள்நாட்டில் இத்தகைய பிள்ளைகளுக்குரிய நேரான வழி, 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ். அதில் குறைந்தது ஐந்து பாடங்களோடு மேல்நிலைத் தேர்ச்சி பெறுவோர் ஜேஇஇ மெயின் எழுதலாம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்றிருந்த விதியை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது.

நுழைவுத் தேர்வே வேண்டாம் என்று இருப்பவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப், வாரியத் தேர்வின் மதிப்பெண்ணிலிருந்துதான் வருகிறது. அந்தப் பொறியியல் இடங்களுக்கான கலந்தாய்வில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தாய் என்றும் கேட்கிறார்கள். காரைக்குடியில் உட்கார்ந்து, வெளிமாநிலத்தில் பதிவான பள்ளியில் படித்த பிள்ளை என்ன எழுதுவது? இருப்பிடச் சான்றிதழை முன்னதாகவே வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

செய்முறைத் தேர்வு இன்னொரு கவலை. மின்தடையை அளக்கும் மீட்டர் சமனச் சுற்றைத் திரையில் நூறு முறை பார்த்த என் பேத்தி, கையால் ஒரு முறையும் இணைத்ததில்லை. திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டைப் பிடித்ததில்லை. நீட் தேர்வோ இன்னும் பேனாவால் ஓஎம்ஆர் தாளில் வட்டங்களை நிரப்பும் தேர்வு. தவறாகக் கறுத்த வட்டத்தை அழிக்க முடியாது, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். 180 நிமிடங்களில் 180 வினாக்களுக்கு அப்படி விடை குறிப்பதற்கு, நாலு பேரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகியிருக்க வேண்டும்.

ஆகவே சிவகங்கை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்திலேயே, இணையவழியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வந்து வாரியம், பாடத் தொகுப்பு, இருப்பிடச் சான்று ஆகியவற்றைக் கேட்டறிய ஓர் அலுவலரை அமர்த்த வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகங்களைச் சனிக்கிழமைகளில் ஒரு நியாயமான கட்டணத்தில் இப்பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். மாதிரித் தேர்வுகளையும் அங்கேயே அவர்கள் எழுதட்டும். வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் கொடுத்துக் கல்லூரிகளையும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தையும் கொண்டுவந்த ஊர் இது. இங்கே ஒரு மாணவிக்கு மின்கலமும் கம்பிச்சுருளும் கிடைக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சனிக்கிழமைகளில் சம்பளம் வாங்காமல் வந்து சொல்லிக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற சிலரும் வருவார்கள்.

என் பேத்தியை ஜனவரியில் என்ஐஓஎஸ்ஸில் பதிவு செய்துவிட்டோம். வரும் அக்டோபரில் அவளுக்குப் பொதுத் தேர்வு. அதற்குள் அவள் கையால் செய்து முடிக்க வேண்டிய சோதனைகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறேன். ஆய்வகம்தான் இன்னும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காரைக்குடி.