‘முதுகுவலி’ என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியருக்கு, வணக்கம்.

சம்பா அறுவடை வந்துவிட்டால் டெல்டா மாவட்டக் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகள் தலை மாறிக்கொண்டே இருக்கும். இடுப்பு பிடித்துப் போய் மருத்துவரிடம் செல்லும் சுமைதூக்குபவருக்குக் கிடைக்கும் விடுப்புச் சான்றில் பெரும்பாலும் ஒரே வரிதான்: “முதுகுவலி, 15 நாள் ஓய்வு தேவை.” விடுப்புக்கு அது போதும். இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாள் கைகொடுக்காது.

எந்த வேலையில் அடிபட்டது, இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்ற இரண்டும் அதில் இல்லை. “12ஆம் தேதி காலை, மூட்டையுடன் லாரிப் பலகையில் ஏறும்போது கால் இடறியதாகக் கூறுகிறார். படுத்த நிலையில் இடது காலை 40 டிகிரிக்கு மேல் நீட்டித் தூக்க முடியவில்லை. 4 வாரம் குனியவோ 10 கிலோவுக்கு மேல் தூக்கவோ கூடாது” என்று எழுத இரண்டு நிமிடம் ஆகும். ‘கூறுகிறார்’ என்று எழுதினால் மருத்துவர் விபத்தை நேரில் பார்த்ததாக அர்த்தமாகாது. அந்தத் தயக்கம் வேண்டாம். தாமதமாக வந்தவருக்கு முன்தேதியிட்டுக் கொடுப்பதுதான் ஆபத்து. பரிசோதித்த தேதியையே போட்டு, அடிபட்ட நாளை அவர் சொன்னபடி குறித்தால் போதும்.

பெரிய கேடு முதல் நாளிலேயே நடக்கிறது. அடிபட்டவரை அழைத்து வரும் மேஸ்திரி, “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று சொல்ல, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிடுகிறது. பின்னால் வரும் எந்தச் சான்றும் அந்த வரியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மருத்துவர்களே, தயவுசெய்து நோயாளியின் வாயாலேயே கேட்டு எழுதுங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள அரிசி ஆலைகளில், வேலைக் காயம் என்று பதிவாகிறதா சாதாரண நோய் என்று பதிவாகிறதா என்ற வித்தியாசம் நேரடியாகக் கூலியில் தெரியும். சாதாரண நோய்க்குக் கூலியில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலைக் காயத்துக்கு 90 சதவீதம், தற்காலிக இயலாமை நீடிக்கும் வரை.

மாற்றுத்திறனாளி சான்றிலுள்ள சதவீதத்தை இழப்பீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. அது உறுப்பின் குறைபாடு. இழப்பீட்டில் பார்ப்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. இயந்திர பெல்ட்டில் சிக்கிக் கைக் கட்டைவிரல் முழுதும் போனால், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலேயே உண்டு. தண்டுவடத் தட்டு விலகல் அட்டவணையில் இல்லை. மருத்துவரின் மதிப்பீட்டை நம்பித்தான் அந்த வழக்கு நிற்கும். ஆகவே தொழில் மூட்டை தூக்குவது என்பதையும் சான்றில் சொல்ல வேண்டும்.

உடல்தகுதிச் சான்றிலும் கவனம் தேவை. “வேலைக்குத் தகுதி” என்று மொட்டையாக எழுதினால் மறுநாளே அதே பலகையில் ஏற்றிவிடுவார்கள். எடை வரம்பையும் எத்தனை வாரம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

தொழிலாளர்களுக்கு: விடுப்பு முடியுமுன்பே அடுத்த சான்றை வாங்குங்கள், இடையில் நாள் விடாதீர்கள். சிகிச்சைப் பதிவின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. இழப்பீட்டு மனுவுக்குக் காலவரம்பு விபத்து நடந்து 2 ஆண்டு.

தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞர்கள்,
கும்பகோணம்.