படகு ஆய்வுக்கு மல்டிமீட்டரும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-இல் முடிகிறது. நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகுகளை அதற்கு முன் ஆய்வு செய்யும் அதிகாரிகள், வயர்லெஸ் செட் இருக்கிறதா என்பதோடு அதற்கு எத்தனை வோல்ட் வருகிறது என்பதையும் மல்டிமீட்டரால் (வோல்ட் அளக்கும் கருவி) அளந்து பார்க்க வேண்டும்.

25 வாட் செட் கேட்கும்போது அரை ஆம்பியர்தான் எடுக்கும்; பேசும்போது 6 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து வீல்ஹவுசுக்கு (படகை ஓட்டும் அறை) 8 மீட்டர் என்றால் போகவர 16 மீட்டர். அதில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் பேசும் நேரத்தில் ஏறத்தாழ 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கிய இரவில் செட்டுக்குக் கிடைப்பது 10.9 மட்டுமே. பல செட்டுகளுக்கு 11.7-க்குக் கீழே உத்தரவாதம் இல்லை. அடுத்தவர் பேசுவது தெளிவாகக் கேட்கும், நம் குரல்தான் போய்ச் சேராது. பழி செட்டின் மேல் விழுந்து, புதிது வாங்குவார்கள்! 6 சதுர மில்லிமீட்டர் வெள்ளீயப்பூச்சு வயரில் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும்.

சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இன்ஜினை அணைத்து, ஆபத்து அழைப்புக்கான 16 தவிர்த்த வேறொரு சேனலில் முழு பவரில் பேசியபடி பேட்டரி முனையிலும் செட்டின் பின்புறத்திலும் அளக்க வேண்டும். வித்தியாசம் 0.4-ஐத் தாண்டினால் பியூஸ் ஹோல்டரையும் நெகடிவ் இணைப்புகளையும் பாருங்கள். பச்சை பிடித்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

24 வோல்ட் படகுகளில் இன்னொரு கோளாறு. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் செட்டுக்கு 12 வோல்ட் எடுக்கிறார்கள். அந்த பேட்டரி பட்டினி கிடக்கும். டைனமோவுக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டும் என்பதால் மற்றதற்கு அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி, தண்ணீர் கொதித்து வற்றும். இரண்டையும் மாற்றினாலும் அதே கதைதான் திரும்பும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் வைப்பதே நல்ல வழி.

விளக்குகளை எல்இடி ஆக்குவது நல்லதே. 25 வாட் பல்பு நான்கு 11 மணி நேரம் எரிந்தால் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 92 ஆம்பியர்-மணி போகும். ஆனால் மலிவான எல்இடி வயர்லெஸ்ஸில் இரைச்சல் கிளப்பும். ஸ்குவெல்ச்சை (செட்டில் இரைச்சலை அடக்கும் திருகு) திறந்து வைத்து விளக்கைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். ஸ்டார்ட்டிங் பேட்டரியில் இவை எதையும் கொடுக்கவே கூடாது.

ஆய்வுப் படிவத்தில் ‘பேசும்போது செட்டில் வோல்ட்’ என்று ஒரு கட்டம் சேர்க்க மீன்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விசைப்படகு மின்பணியாளர்கள்,
குளச்சல்.