பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டமளிப்பு அங்கியோடு, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் படத்தைச் சென்ற வாரம் மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். 'சாதித்துக் காட்டிய தாய்' என்று தலைப்பு. என் மாமியார் அதைக் கத்தரித்துக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அவர் படித்த காலத்தில் அந்தக் குழந்தைக்கு ஒரு தடவைகூடக் காய்ச்சல் வரவில்லையா? வந்திருந்தால், வருகைப் பதிவுக்கு அவர் என்ன செய்தார்? உங்கள் நிருபர் அதையும் கேட்டு எழுதியிருக்கலாம்.

எனக்கு வயது 31. முக்கூடல் பக்கத்தில் ஊர். பி.காம். முடித்த கையோடு கல்யாணம் ஆயிற்று. கணவர் மும்பையில் மளிகைக் கடையில் இருக்கிறார். மகன் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பத்து வருடம் கழித்து, சென்ற ஆண்டு பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.காம். சேர்ந்தேன். முதல் வாரம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் புதிதாக வந்த ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். இப்போது 'அக்கா' என்கிறார்கள். என் டப்பாவில் இருக்கும் புளிச்சோற்றை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள்.

தபாலில் படிக்க வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்கும் பணம் கட்டிப் பார்த்தவள்தான் நான். புத்தகங்கள் வந்தன, அரிசி டிரம்முக்கு மேல் அடுக்கி வைத்தேன், அங்கேயே இருந்தன. அடக்கவிலைக் கணக்கில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டால் கேட்பதற்கு ஆள் வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் வீட்டு வேலைதான் நடக்கும்.

நான் காலையில் பஸ் ஏற முடிகிறது என்றால் அதற்கு என் மன உறுதி காரணம் இல்லை. பள்ளியில் போடும் காலை உணவுதான் காரணம். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. மகனைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளி வாசலில் விட்டுவிட்டால் அவன் பாட்டுக்குப் பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டுவிடுவான். அந்த அரை மணி நேரம் எனக்கு மிச்சம். வீட்டில் ஊட்டுவதென்றால் ஓர் இட்லியை முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விடும். திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் டிக்கெட், அங்கிருந்து பாளைக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். திட்டம் போட்டவர்கள் எம்.காம். படிக்கும் ஒருத்தியை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் என் படிப்பு அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

சாயங்காலம் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். அம்மா பீடி சுற்றுகிறவர். பேரன் கை பீடித் தட்டுப் பக்கம் போகாமல் காப்பதே பெரும்பாடு என்பார். நூல்கண்டு என்றால் அவனுக்கு அப்படி ஒரு ஆசை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, பங்குனியில் மகனுக்கு அம்மை போட்டது. நிலையில் வேப்பிலை செருகி, வெளியாட்களை வர வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்குள் கல்லூரியில் 11 வேலை நாள் போய்விட்டது. அவன் தூங்குவதும் என் மடியில், அழுவதும் என் மடியில். அரிப்புத் தாங்காமல் சொறிந்துவிடுவானோ என்று இரவெல்லாம் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வேப்பங்கொழுந்தால் தடவிக்கொண்டிருந்தேன். அவன் பள்ளிக்கு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தனுப்பினேன். 'குணமான பிறகு அனுப்புங்கள்' என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். முடிந்தது அவன் விடுப்பு.

என் விடுப்பு அப்படி முடியவில்லை. அந்தப் பருவத்தில் 90 வேலை நாள். நான் போனது 64. அம்மைக்கு 11 நாள் போக, காய்ச்சல், பேதி, பஸ் வராதது, அம்மாவுக்கு முடியாதது என்று மிச்சம் 15. ஆக 71 சதவீதம். 75 இருந்தால்தான் தேர்வு எழுதலாம். 4 நாள் குறைகிறது. குறைந்தால் அபராதம் கட்டி, மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சான்றிதழ் மாணவியின் பெயரில் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரில் இருந்தால் செல்லாது. அம்மைக்கு நாங்கள் டாக்டரிடம் போகவும் இல்லை, அது வேறு. உங்களுக்கே அம்மை வந்ததாக ஒரு சான்றிதழ் வாங்கி வந்துவிடுங்களேன் என்று அலுவலகத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அம்மையை வைத்துப் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

விண்ணப்பத்தின் அடியில் 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்' என்று ஒரு கோடு. கணவர் மும்பையில் இருக்கிறார் என்றேன். அப்படியானால் அப்பா? தவறிவிட்டார். அம்மாவை அழைத்து வாருங்கள் என்றார்கள். அம்மா ஒரு நாள் பீடியை விட்டுவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். விரலில் புகையிலை வாடை போகவில்லை என்று பஸ்ஸில் முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். உங்கள் பெண் ஒழுங்காக வகுப்புக்கு வருவதில்லை, கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்று துறைத் தலைவர் சொன்னார். பாவம், எல்லா அம்மாக்களிடமும் சொல்வதைத்தான் சொன்னார். பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கும்போது பெற்றவள் எங்கே ஐயா போவாள் என்று அம்மா திருப்பிக் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை நீட்டினார். பீடிக் கடை நோட்டில் போட்டுப் பழகிய அதே கோணல் கையெழுத்தை அம்மா போட்டார்.

'காரணம்' என்ற இடத்தில் 'மகனுக்கு அம்மை' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 'உடல்நலக் குறைவு' என்று எழுதச் சொன்னார்கள். யாருடைய உடல் என்று அதில் இல்லை. அபராதத்தோடு அனுமதி கிடைத்தது, தேர்வும் எழுதிவிட்டேன். அம்மா கையெழுத்துப் போட்ட அன்று வீட்டுக்குத் திரும்பினால் மகன் தன் மதிப்பெண் அட்டையை நீட்டுகிறான். அதிலும் 'பெற்றோர் கையொப்பம்'. அதில் நான் போட்டேன்.

விதி இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. முனைவர் பட்டம் படிக்கும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்புக்கும் வருகைப் பதிவுச் சலுகைக்கும் விதி வகுக்கச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதியது. நல்லதுதான். ஆனால் அது பிரசவத்தோடு நின்றுவிடுகிறது. பெற்றெடுத்த பிள்ளைக்கு ஏழு வயதிலும் அம்மை போடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர் யாரும் இல்லை. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதிப்படி 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். அதெல்லாம் வேலை பார்ப்பவருக்கு. படிப்பவளுக்குப் பிள்ளை இருக்கும் என்று சட்டமும் நினைக்கவில்லை.

பெண்களுக்கென்று 1895லேயே சாரா டக்கர் கல்லூரியைக் கண்ட ஊர் பாளை. நான் படிப்பது வேறு கல்லூரி. ஆனால் எந்தக் கல்லூரிப் படிவத்தைப் பார்த்தாலும் மாணவி என்பவள் இன்னொருவருடைய பிள்ளையாகத்தான் அதில் இருக்கிறாள்.

காப்பகம் கட்டுங்கள் என்று இப்போது நான் கேட்கவில்லை; கட்டினால் சந்தோஷம். நான் கேட்பது இரண்டு வரி. பிள்ளையின் நோய்க்காகத் தாயோ தகப்பனோ எடுக்கும் விடுப்பையும் சான்றிதழ் விடுப்பாக ஏற்றுக்கொள்ள ஒரு வரி. பிள்ளை பெற்றவர்களிடம் பெற்றோர் கையொப்பம் கேட்க வேண்டாம் என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் காசு செலவில்லை.

அடுத்த பருவம் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டித்தான் முடியும். எங்கள் ஊரில் அது பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலும் பிடிக்கிற காலம். அதற்கென்று இப்போதே 10 நாளை ஒதுக்கி, டைரியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தாங்களும் ஓர் உதவி செய்யலாம். இனி அங்கியும் குழந்தையுமாக யாருடைய படமாவது போட நேர்ந்தால், அவரிடம் வருகைப் பதிவு எத்தனை சதவீதம் என்று கேட்டு, பெயருக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல்.