ரத்தத்தில் மட்டும் இல்லை பதில்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனச்சோர்வா, சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறா என்பதை ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. என் தம்பிக்கு நான்கு வருடம் வெறும் மனச்சோர்வு என்றே மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் முற்றத்தில் பரப்பி, பாடிக்கொண்டே தேய்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் இருமுனை என்று தெரிந்தது. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு இப்படி எகிறும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆகவே அப்படியொரு பரிசோதனை வராதா என்று ஏங்குகிற ஆள்தான் நானும்.

ஆனால் இந்த ஆசை பழையது. 1981-இல் மனநல மருத்துவர் பெர்னார்ட் கரோல் குழுவினர், இரவில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, மறுநாள் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் வழக்கம்போல் அடங்குகிறதா என்று பார்க்கும் முறையைக் கடும் மனச்சோர்வைக் கண்டறிய முன்வைத்தார்கள். அந்த நோயாளிகளில் பலருக்கு அது அடங்கவில்லை. சரி, பிடி கிடைத்தது என்று பார்த்தால், மறதிநோய், எடைக்குறைவு, குடியை நிறுத்திய சமயம் என்று வேறு பலவற்றிலும் அடங்காமல் நின்றது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி கதையும் அதுதான். மனச்சோர்விலும் இருமுனையிலும் அதன் அளவு கூடலாம். ஈறு வீங்கினாலும், உடல் பருத்தாலும் கூடலாம். நூறு பேரின் சராசரியில் வித்தியாசம் தெரியலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது போதாது.

"தூங்காமலேயே தெம்பாகத் திரிந்த நாட்கள் உண்டா?" என்று வீட்டாரிடம் கேட்கச் செலவில்லை. எங்களிடம் நான்கு வருடமும் யாரும் கேட்கவில்லை.

– ஒரு வாசகர், திருச்சி